பிளான் அப்ரூவல் யார் கையில்? போருக்கு நடுவே உக்ரைனில் கட்டட விதிச் சண்டை

குண்டு விழுந்த இடத்தில் மறுபடி யார் கட்டலாம், எத்தனை மாடி கட்டலாம், அனுமதி யார் தருவது? போர் முடியட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று உக்ரைன் இதைத் தள்ளிப்போடவில்லை. காரணம் பணம். உக்ரைன் அரசு, உலக வங்கி, ஐரோப்பிய ஆணையம், ஐ.நா. சேர்ந்து 2025 பிப்ரவரியில் வெளியிட்ட கணக்குப்படி, அடுத்த 10 ஆண்டுகளில் மறுகட்டமைப்புக்குத் தேவை 524 பில்லியன் டாலர். அப்போது நாட்டின் குடியிருப்புகளில் 13 சதவிகிதம் சேதமாகியோ தரைமட்டமாகியோ கிடந்தது.

முதல் சட்டம் 2022 மே மாதமே வந்துவிட்டது. வழக்கமான மாஸ்டர் பிளான் போட வருடக்கணக்காகும் என்பதால், பாதிக்கப்பட்ட பகுதிகள் ‘முழுமையான மறுசீரமைப்புத் திட்டம்’ ஒன்றைத் தயாரிக்க அது வழிசெய்தது.

5655 மேல் ஏன் இத்தனை கோபம்?

பெரிய புயல் கிளம்பியது அடுத்த மசோதாவில்தான். 5655 என்ற எண்ணில் அறியப்படும் இது, 2022 டிசம்பர் 13 அன்று நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. மறுகட்டமைப்புக்கு இது அவசியம் என்றார்கள் ஆதரவாளர்கள். ஆனால், மசோதா தாக்கலானது 2021ல், அதாவது போருக்கு முன்பே!

கட்டட அனுமதியில் லஞ்சம் அங்கே பழைய நோய். எல்லாவற்றையும் டிஜிட்டல் ஆக்கி, கட்டுமானக் கண்காணிப்பில் தனியாரையும் சேர்த்தால் அது குறையும் என்பது ஆதரவாளர்கள் வாதம். ‘கண்காணிக்கும் தனியாருக்கு பில்டரே காசு கொடுத்தால், அவர் யாருக்கு வேலை பார்ப்பார்?’ என்பது எதிர்த்தரப்பின் கேள்வி. உள்ளாட்சிகளின் அதிகாரம் பறிபோகும் என்று மேயர்களும் கட்டடக் கலைஞர்களும் எதிர்த்தார்கள். இரண்டாவது தரப்பு சொல்வதில் நியாயம் கொஞ்சம் கூடுதலாகவே தெரிகிறது.

போர்க்காலச் சட்டம் அமலில் இருந்ததால் தெருவில் இறங்கிப் போராடுவது எளிதாக இல்லை. மக்கள் ஆன்லைன் மனுவைக் கையில் எடுத்தார்கள். அதிபர் பதில் சொல்ல 25,000 கையெழுத்து போதும். விழுந்ததோ 40,000க்கும் மேல். அரசமைப்புப்படி 15 நாட்களுக்குள் அதிபர் கையெழுத்திட வேண்டும், இல்லையென்றால் திருப்பி அனுப்ப வேண்டும். கெடு முடிந்தும் ஸெலன்ஸ்கி இரண்டையும் செய்யவில்லை. மசோதா அப்படியே நின்றது.

வீடு போனவருக்கு என்ன வழி?

2023 பிப்ரவரியில் நிறைவேறிய இழப்பீட்டுச் சட்டம்தான் சாமானியருக்கு நேரடியாகக் கைகொடுப்பது. ‘தியா’ என்ற அரசு ஆப் மூலமே விண்ணப்பிக்கலாம். சேதமான வீட்டுக்கு ரிப்பேர் பணம், முழுதாக இடிந்த வீட்டுக்கு புது வீடு வாங்கச் சான்றிதழ். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால், உரிமை பதிவேட்டில் இருக்கணும். தாத்தா பெயரிலேயே கிடக்கும் கிராமத்து வீடு என்றால் அலைச்சல்தான். குழு ஒன்று வந்து சேதத்தைப் பார்க்கவும் வேண்டும்.

மரியுபோலுக்கு அந்தக் குழு எப்படிப் போகும்? ஊர் ரஷ்யாவின் பிடியில். அங்கே இடிந்த குடியிருப்புகளை அகற்றிவிட்டு, ரஷ்ய நிர்வாகம் புது அடுக்குமாடிகளைக் கட்டுகிறது. ரஷ்ய விதிப்படி பதிவு செய்யாமல் கிடக்கும் வீடுகள் ‘உரிமையாளர் இல்லாத சொத்து’ என்று பட்டியலாகிப் பறிபோகின்றன. ஆக்கிரமித்த பகுதியில் தனியார் சொத்தைப் பறிமுதல் செய்யக் கூடாது என்று 1907 ஹேக் விதிகளின் 46வது பிரிவு தெளிவாகவே சொல்கிறது. ஊரை விட்டு ஓடிவந்த பலர் கையில் இருப்பது உக்ரைன் பத்திரம்தான்.