நடக்கும் ரொபோ, பறக்கும் ட்ரோன்: காசு கொடுப்பவர் யார்?



நாய் போல நான்கு காலில் ரொபோ நடக்கிறது, படியேறுகிறது, பாட்டுக்கு ஆடுகிறது. இந்த வீடியோக்கள் நமது வட்ஸ்அப் குழுக்களில் சுற்றிச் சுற்றி வருகின்றன. கீழே வரும் கருத்துகளும் இரண்டே வகைதான். "இனி மனிசனுக்கு வேலையில்ல" என்பது ஒன்று. "இதெல்லாம் காசுக்காரன்ட விளையாட்டுச் சாமான்" என்பது மற்றது.

இரண்டுமே நமது பிள்ளைகளுக்கு உதவாத பதில்கள். சாதாரண தரம் எழுதிய பிள்ளையை ரொபோ வகுப்பில் சேர்க்கலாமா என்று பெற்றோர் ஆசிரியர்களிடம் கேட்கிறார்கள். ட்ரோன் வாங்கி வயலுக்கு மருந்தடிக்கும் தொழில் தொடங்கலாமா என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். பல வீடுகளில் அது உம்மாவின் நகையை அடகு வைத்து எடுக்க வேண்டிய முடிவு. எனவே வியப்பையும் பயத்தையும் ஒரு பக்கம் வைத்துவிட்டு ஒரு கேள்வியைக் கேட்போம். இந்த இயந்திரம் செய்யும் வேலைக்கு யார் காசு கொடுக்கிறார், ஏன் கொடுக்கிறார்?

முதலில் நடக்கும் ரொபோவைப் பார்ப்போம். உலகம் அதிகம் அறிந்தது பொஸ்டன் டைனமிக்ஸ் நிறுவனத்தின் 'ஸ்பொட்'. அந்த நிறுவனத்தை 2013இல் கூகுள் வாங்கியது. பிறகு ஜப்பானின் சொஃப்ட்பேங்குக்குக் கைமாறியது. 2021இல் பெரும்பங்கு கொரியாவின் ஹூண்டாய்க்குப் போனது. எட்டு வருடத்தில் மூன்று முதலாளிகள். நல்ல இலாபம் வரும் கடையை யாரும் இப்படிக் கைமாற்றுவதில்லை.

2020 ஜூனில் ஸ்பொட் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தபோது விலை 74,500 டொலர். ஒரு பற்றரியில் ஏறத்தாழ ஒன்றரை மணித்தியாலம் ஓடும். 14 கிலோ சுமக்கும். அதாவது 25 கிலோ அரிசி மூட்டையைக்கூடத் தூக்காது.

ஏன் இந்த விலை? சில்லு சும்மா உருளும். காலுக்கு ஒவ்வொரு மூட்டிலும் மோட்டார் வேண்டும். ஒரு காலுக்கு மூன்று என்றால் நான்கு காலுக்குப் பன்னிரண்டு. நிற்பதற்கும் மின்சாரம் செலவாகும். தரை மட்டமாக இருக்கும் இடத்தில் சில்லோடு போட்டி போட்டு எந்தக் காலும் வெல்லாது.

அப்படியென்றால் இதை யார் வாங்குகிறார்கள்? படிகளும் குழாய்களும் நிறைந்த பெரிய ஆலைகளை வைத்திருப்பவர்கள். மெக்சிக்கோ வளைகுடாவில் பிபி நிறுவனம் தனது எண்ணெய் மேடையொன்றில் அளவுமானிகளை வாசிக்க இதைப் பரிசோதித்தது. செர்னோபிலில் கதிர்வீச்சை அளக்கவும் அனுப்பினார்கள். அங்கெல்லாம் மனிதனை அனுப்புவது பெரிய செலவு, அல்லது பெரிய ஆபத்து. அதோடு ஒப்பிட்டால் 74,500 டொலர் பெரிய காசில்லை.

ட்ரோனுக்கும் இதே கணக்குத்தான். 2013 டிசம்பரில் அமேசன் தலைவர் ஜெஃப் பெசோஸ், நான்கைந்து வருடத்தில் ட்ரோன் வீட்டு வாசலுக்குப் பொதி கொண்டுவரலாம் என்று தொலைக்காட்சியில் சொன்னார். 2022 கடைசியில்தான் கலிபோர்னியாவில் ஓரிடத்திலும் டெக்சாஸில் ஓரிடத்திலும் அந்தச் சேவை தொடங்கியது. கலிபோர்னியாவில் இருந்ததை 2024இல் மூடிவிட்டார்கள். நல்ல வீதி இருக்கும் ஊரில் ஒரு வேன் ஒரே சுற்றில் எத்தனையோ பொதிகளைக் கொடுத்துவிடும். ட்ரோன் ஒவ்வொன்றாகக் கொண்டுபோக வேண்டும். நமது ஊரில் ஓர் ஆட்டோவையே அதனால் வெல்ல முடியாது.

ஆனால் ருவாண்டாவில் 2016 ஒக்டோபரில் ஸிப்லைன் நிறுவனம் ட்ரோனில் இரத்தம் அனுப்பத் தொடங்கியது. அது இன்றும் உலகம் எடுத்துச் சொல்லும் உதாரணம். நாடு முழுக்க மலை. கண்டியிலிருந்து நுவரெலியா போனவர்களுக்கு விளங்கும், கண்ணுக்குத் தெரியும் ஊருக்கு எத்தனை வளைவு சுற்ற வேண்டுமென்று. பிரசவத்தில் இரத்தம் போகும் தாய்க்கு அந்த நேரம் இல்லை. எல்லா இரத்த வகைகளையும் ஒவ்வொரு சிறிய வைத்தியசாலையிலும் சேமித்து வைக்கவும் முடியாது, காலாவதியாகிவிடும். ட்ரோன் வந்து சிறிய பரசூட்டில் பொதியைப் போட்டுவிட்டுத் திரும்புகிறது. காசு கொடுக்க அரசாங்கம் முன்வந்தது. அதனால் தொழில் நின்றது.

மனிதன் போகக்கூடாத இடம், அல்லது நேரத்துக்குப் போய்ச்சேர முடியாத இடம். இந்த இயந்திரங்களுக்கு அங்கேதான் கூலி கிடைக்கிறது.

நமது வயல் அப்படியான இடமா? நமது கருத்தில், ஆம். யமஹா என்றால் நமக்கு மோட்டார் சைக்கிள்தான் ஞாபகம் வரும். ஆனால் அந்த நிறுவனம் 20 கிலோ சுமந்து வயலுக்கு மருந்தடிக்கும் ஆளில்லா ஹெலிகொப்டரை 1987இலேயே ஜப்பானில் செய்துவிட்டது. விவசாயிகளுக்கு வயது போய், வயலில் இறங்க ஆள் குறைந்துகொண்டிருந்த நாடு அது. சீனாவின் டிஜேஐ 2015இல் அறிமுகப்படுத்திய விவசாய ட்ரோன், 10 கிலோ சுமந்து மணித்தியாலத்துக்கு 7 முதல் 10 ஏக்கர் அடிக்கும் என்றார்கள். இன்று நமது நாட்டிலும் ஏக்கர் கணக்கில் கூலிக்கு ட்ரோன் அடிக்கிறார்கள்.

முதுகில் டாங்கியைக் கட்டிக்கொண்டு, முகக்கவசமும் இல்லாமல், சேற்றில் நடந்து மருந்தடிக்கும் நமது சகோதரர்களை யோசித்துப் பாருங்கள். காற்று திரும்பினால் மருந்து அவர்களது மூக்கிலும் கண்ணிலும்தான். அந்த வேலையை இயந்திரம் எடுப்பது ரஹ்மத்தான விஷயம். ஆனால் அன்றைய கூலியையும் சேர்த்தே அது எடுத்துவிடுகிறது. ட்ரோன் வேண்டும் என்று பேசும் நாம் இந்த இரண்டாவது பாதியைப் பேசாமல் விடுகிறோம்.

தனியொரு இளைஞன் நகையை வைத்து ட்ரோன் வாங்குவதை நாம் ஆதரிக்கவில்லை. வருடத்தில் இரண்டு போகம், அதிலும் மருந்தடிப்பது சில வாரங்கள்தான். மற்ற மாதங்களிலும் கடன் தவணை வரும். பற்றரி தேயும். பக்கத்து ஊரில் இன்னொருவர் வாங்கினால் ஏக்கர் கூலி இறங்கும். சிவில் விமான சேவைகள் அதிகாரசபையின் பதிவும் அனுமதியும் இல்லாமல் பறக்கவிட முடியாது. 2019 ஏப்ரல் தாக்குதலுக்குப் பிறகு நாடு முழுக்க ட்ரோன் நிறுத்தப்பட்டதை மறந்துவிடக் கூடாது. ஒரே ஓர் அறிவித்தலில் தொழில் நின்றுபோகலாம். அந்த அடியை ஒரு குடும்பம் தனியாகத் தாங்காது.

ஆனால் கமக்காரர் அமைப்பு சேர்ந்து வாங்கினால் கணக்கு மாறும். ஏக்கர்கள் ஏற்கனவே கையில் இருக்கின்றன. இன்று டாங்கி சுமப்பவர்களையே முதலில் பயிற்றுவித்து, அவர்களையே இயக்குநர்களாக வைக்க வேண்டும் என்பது நமது கோரிக்கை. எந்த வயலில் எந்த நேரம் காற்று எப்படி அடிக்கும், எந்த வரம்புக்கு அப்பால் கிணறு இருக்கிறது என்பது அவர்களுக்குத்தான் தெரியும். ட்ரோன் மேலிருந்து தெளிக்கும்போது அந்த அறிவு இன்னும் அதிகமாகத் தேவை. வாழ்வாதாரத்துக்கு உதவும் ஊர் ஸகாத் நிதி, இவர்களது பயிற்சிச் செலவை ஏற்க முடியுமா என்றும் யோசிக்கலாம். மார்க்க ரீதியான முடிவை உலமாக்கள் சொல்லட்டும்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. ரொபோ வகுப்புக்குப் பணம் கட்டுமுன், பெட்டியில் வரும் துண்டுகளைப் பொருத்துவதோடு பாடம் முடிகிறதா என்று கேளுங்கள். மோட்டார் எரிந்தால் மாற்றவும், பற்றரியைப் பாதுகாப்பாகக் கையாளவும், ஒரு ஏக்கருக்கு எத்தனை லீற்றர் என்று கணக்குப் பார்க்கவும் பிள்ளை பழகினால் அந்தக் காசு வீணாகாது. கடைசியில் சான்றிதழ் மட்டும்தான் என்றால் அந்தப் பணத்தில் கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் நல்ல புத்தகங்களை வாங்கிக் கொடுங்கள்.

பெரும்போகம் தொடங்க முன்னர், ஒரு ஜும்ஆவுக்குப் பிறகு கமக்காரர் அமைப்பும் பள்ளிவாசல் நிருவாகமும் மருந்தடிக்கும் தொழிலாளர்களும் ஒன்றாக உட்கார்ந்து இதைப் பேச வேண்டும். அந்தக் கூட்டத்தில் டாங்கி சுமப்பவர்கள் முதலில் பேசட்டும். இந்தப் பதிவின் கீழும் அவர்களது கருத்தைத்தான் முதலில் வாசிக்க விரும்புகிறோம். எழுதப் பழக்கமில்லாதவர்கள் குரல்பதிவாக அனுப்புங்கள், எழுதிப் போடுவோம்.