'சேரி' எப்படி வசவுச் சொல்லானது?

எட்டாம் வகுப்பில், "பெஞ்சை இஸ்துகினு வரவா சார்?" என்று கேட்டேன். "சேரிப் பேச்சு பேசாதே" என்றார் ஆசிரியர். வகுப்பே சிரித்தது. அன்று அங்கே கெட்ட வார்த்தை பேசியவர் அவர்தான்.

மக்கள் சேர்ந்து வாழும் இடம் சேரி. தஞ்சைப் பெரிய கோயிலில் உள்ள இராசராசன் கல்வெட்டுகளில் பறைச்சேரி இருக்கிறது. கம்மாளர் வாழ்ந்த கம்மாணச்சேரியும் இருக்கிறது. கூடவே தீண்டாச்சேரியும் இருக்கிறது. 'சேரி' என்ற சொல்லில் சாதி கறையேற்றியதற்கு ஆயிரமாண்டுச் சாட்சி அது.

இன்று வேளச்சேரியில் வீடு வாங்குவது பெருமை. புதுச்சேரிக்குச் சுற்றுலா போகிறார்கள். அங்கெல்லாம் உறுத்தாத சொல், நாங்கள் வாழும் தெருவைக் குறிக்கும்போது மட்டும் வசவாகிவிடுகிறது.

சேரியைக் 'காலனி' என்றார்கள். அதுவும் வசவானது. அரசு ஆவணங்களிலிருந்து 'காலனி' நீக்கப்படும் என்று 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்கிறேன். இழிவைச் சுமந்த சொல் போகட்டும்.

ஆனால், எங்கள் பிணம் போகத் தனிப்பாதை இருக்கிறது. ஊர் வேறு, சேரி வேறாகவே இருக்கிறது. இதை மாற்றாமல் எந்தப் பெயர் வைத்தாலும், நாளை இன்னொரு வகுப்பறையில் அந்தப் பெயரைச் சொல்லியே எங்கள் பிள்ளையைத் திட்டுவார்கள்.