தள்ளி நிற்பது எங்களுக்குப் புதிதில்லை

2020 மார்ச் 22, ஞாயிற்றுக்கிழமை மாலை 5 மணி. திருப்பரங்குன்றத்தில் மொட்டை மாடிகளில் நின்று கை தட்டினார்கள். தட்டை எடுத்துக் கரண்டியால் அடித்தவர்களும் உண்டு. என் அம்மா அப்போது பாயில் படுத்திருந்தார். விடிவதற்கு முன்பே எழுந்துபோய்க் குப்பை வண்டி தள்ளிவிட்டு வந்த அலுப்பு.

"யாருக்குடா தட்டுறாங்க?"

"உனக்குத்தாம்மா."

சிரித்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

இரண்டு நாளில் ஊரடங்கு வந்தது. மார்ச் 25 அதிகாலை, தமிழ்நாட்டின் முதல் கொரோனா மரணம் மதுரை அரசு இராஜாஜி மருத்துவமனையில் நிகழ்ந்தது. வீட்டை விட்டு வராதே என்று டிவி சொல்லிக்கொண்டே இருந்தது. அம்மா வழக்கம்போல வேலைக்குப் போனார். ஒப்பந்த வேலை. வராத நாளுக்குக் கூலி இல்லை. கொடுத்த துணி மாஸ்க் ஒரு வாரத்தில் நைந்து போனது, பிறகு சேலை முந்திதான். கொரோனா வீட்டுக் குப்பையை மஞ்சள் பையில் தனியாகக் கட்டித் தர வேண்டும் என்று விதி இருந்தது. அம்மா அந்த மஞ்சள் பையைப் பார்த்ததே இல்லை. எல்லாம் ஒரே வாளியில்தான் வந்தது.

அவர் போகும் தெருவில் ஒரு வீடு. வாசலில் சுண்ணாம்பால் கோடு போட்டிருந்தார்கள். "அங்கனயே நில்லுத்தா, கொரோனா காலம்" என்று அந்த வீட்டு அம்மாள் சொல்லியிருக்கிறார். அன்று இரவு சோறு தின்றுகொண்டே அம்மா சொன்னார்: "பதினோரு வருசமா அங்கனதான நிக்கிறேன். இப்பத்தான் காரணம் சொல்றாக."

அந்த ஒரு வாக்கியத்தை விட்டு என்னால் இன்றும் நகர முடியவில்லை, தோழர்களே.

அந்த நாட்களில் எல்லோர் வாயிலும் இருந்த சொல் 'சமூக விலகல்'. உலக சுகாதார நிறுவனம் அந்த மார்ச் மாதத்திலேயே 'உடல் இடைவெளி' என்று சொல்லத் தொடங்கிவிட்டது. விலக வேண்டியது உடல்தான், மனிதர்கள் இல்லை என்பதுதான் அதன் விளக்கம். இங்கோ சமூகமாக விலகி நிற்பது ஏற்கெனவே நன்றாகப் பழகிய கலை. ஊர், சேரி, தனிக்குவளை, தனிச் சுடுகாடு. கிருமி இல்லாமலேயே இத்தனை நூற்றாண்டு நடந்த விலகலுக்கு, கிருமி ஒரு மருத்துவச் சான்றிதழைக் கொடுத்தது. எனவேதான் அந்தச் சொல் யார் நாக்கையும் உறுத்தவில்லை.

அந்த ஏப்ரலில் சென்னையில் மருத்துவர் சைமன் ஹெர்குலிஸ் கொரோனாவால் இறந்தார். அவர் உடலைப் புதைக்க விடாமல் கல்லெறிந்தார்கள். நாடே அதிர்ந்தது. அதிர வேண்டியதுதான். ஆனால் சுடுகாட்டுக்குப் பாதை மறுக்கப்பட்டு, வயல் வரப்பில் பிணத்தைத் தூக்கிப்போகும் சேரிகள் தமிழ்நாட்டில் எத்தனை! அதற்கெல்லாம் அதிர்ச்சி ஏன் வருவதில்லை?

2020இல் அரசு கையில் எடுத்தது 1897ஆம் ஆண்டின் கொள்ளைநோய்ச் சட்டம். பம்பாய் மாகாணத்தில் பிளேக் பரவியபோது வெள்ளையர் அரசு போட்டது. அதே 1897இல்தான் பூனா பக்கத்தில் சாவித்ரிபாய் புலே பிளேக் நோயாளிகளைத் தொட்டுத் தூக்கி மகனுடைய சிகிச்சை முகாமுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். அந்த நோய் தொற்றியே மார்ச் 10 அன்று இறந்தார். ஒரே ஆண்டு நமக்கு இரண்டையும் விட்டுப்போனது. சட்டத்தை ஞாபகமாக எடுத்துக்கொண்டார்கள், சாவித்ரியை மறந்துவிட்டார்கள்.

2020இலேயே துப்புரவுப் பணியாளர்கள் இனி 'தூய்மைப் பணியாளர்கள்' என்று தமிழக அரசு அறிவித்தது. பெயர் நல்ல பெயர்தான். ஆனால் அந்த வேலைக்கு யார் வீட்டிலிருந்து ஆள் வரவேண்டும் என்பது மாறவில்லை. சாதி வேலையை மட்டும் பிரிக்கவில்லை, வேலை செய்கிறவர்களையே பிரித்து வைக்கிறது என்று அம்பேத்கர் 1936இலேயே எழுதிவிட்டார். ஊரடங்கு அதைத் தெருவில் கோடு போட்டுக் காட்டியது. யார் வீட்டுக்குள் இருக்கலாம், அவர்கள் உள்ளே இருப்பதற்காக யார் வெளியே வரவேண்டும் என்பதை வைரஸ் முடிவு செய்யவில்லை.

எனக்கு அப்போது கல்லூரியில் மூன்றாம் ஆண்டு. தங்கைக்கும் எனக்கும் ஒரே போன். ஆளுக்கொரு நாள் வகுப்பு. அந்தக் கோடையில் சித்திரைத் திருவிழா இல்லை, அழகர் ஆற்றில் இறங்கவில்லை. மே 4 அன்று மீனாட்சி கல்யாணத்தைப் பக்கத்து வீட்டு டிவியில் பார்த்தோம். ஜூன் 24 முதல் மதுரைக்கு மறுபடி முழு ஊரடங்கு. சாமிக்குக்கூட விடுப்பு கிடைத்தது. அம்மாவுக்குக் கிடைக்கவில்லை.

ஒரே ஒரு நல்ல நாள் நினைவில் இருக்கிறது. வேறொரு வீட்டில் பள்ளிக்கூடம் போகிற ஒரு பெண் பிள்ளை, எவர்சில்வர் டம்ளரில் மோர் கொண்டுவந்து கையில் கொடுத்திருக்கிறாள். அம்மா தூக்கிக் குடிக்கப் போக, "வாய் வச்சே குடிங்க பெரியம்மா" என்றாளாம். காலி டம்ளரைக் கையில் வாங்கிக்கொண்டு உள்ளே போனாளாம். அம்மா இதை அன்றிரவு மூன்று தடவை சொன்னார். கை தட்டியதைப் பற்றி ஒரு தடவைகூடச் சொன்னதில்லை.

மோர் மட்டும் போதாது என்பது அம்மாவுக்கும் தெரியும். ஒப்பந்த முறை ஒழிந்து பணி நிரந்தரமாக வேண்டும். கையுறை, மாஸ்க், மருத்துவக் காப்பீடு கிடைக்க வேண்டும். அந்த வேலை ஒரு சாதியின் வேலையாக இருப்பது முடிய வேண்டும். நாளை காலை உங்கள் தெருவுக்கும் வண்டி வரும். மாஸ்க் எல்லோரும் கழற்றியாகிவிட்டது. உங்கள் வாசலில் அந்தக் கோடு இன்னும் இருக்கிறதா என்று பாருங்கள்.