நிலாவுக்கு ஏன் கடைசி இடம்?

1980-களில் ‘ஆனந்த விகடன்’ வாராவாரம் வெளியிட்ட ‘என் இனிய இயந்திரா’ தொடரைப் பற்றிப் பேச்சு எடுத்தால் பெங்களூரில் இன்றைக்கும் வாதம் தொடங்கிவிடும். பாத்திரங்களில் முதலிடம் யாருக்கு? சுஜாதா நமது ஜாலஹள்ளி பாரத் எலெக்ட்ரானிக்ஸில் இன்ஜினீயராக இருந்தவர். ஆகவே இந்த ஊர்த் தமிழர்களுக்கு இதில் தனி உரிமை!

பெரியவர்கள் ஜீனோ என்ற இயந்திர நாய்க்குத்தான் ஓட்டுப் போடுகிறார்கள். இளைஞர்கள் 2010-ல் வந்த ‘எந்திரன்’ சிட்டியைக் கொண்டு வந்து குறுக்கே நிறுத்துகிறார்கள். அடுத்த இடத்துக்கு ரவியா, மனோவா என்று சண்டை. நிலாவைக் கேட்டால், “பாவம்” என்று கடைசியில் தள்ளுகிறார்கள்.

இது அநியாயம். ஜீனோ புத்தகம் படிக்கும், கேலி பேசும். அந்த மூளை யாரோ வைத்துக் கொடுத்தது. நிலா சாதாரணக் குடும்பப் பெண். ஜீவாவின் ஆட்சியில் பெயர்கூட இரண்டெழுத்துத்தான். பிள்ளை பெறவும் சர்க்கார் அனுமதி வேண்டும். புருஷன் சிபி காணாமற் போகிறான். அஞ்சி அஞ்சித்தான் அவனைத் தேடுகிறாள். ஆனால் தேடுவதை விடுவதில்லை. பாஷை தெரியாத ஊரில் ரேஷன் கார்டுக்கு மனுவும் கையுமாக ஜன்னல் ஜன்னலாக நின்றவர்கள் நாம். நமக்கே இந்தப் பெண்ணை அடையாளம் தெரியவில்லையே!

ஜீனோ இல்லாவிட்டால் அவள் என்ன செய்திருப்பாள் என்பார்கள். சரி, அவள் இல்லாவிட்டால் ஜீனோவுக்குத்தான் என்ன வேலை?

என் பட்டியலில் நிலா முதல், ஜீனோ இரண்டாவது. ரவி, மனோ எப்படியோ போகட்டும். சிட்டி வேறு கதை. அதை இதில் சேர்க்காதீர்கள்.