வென்றவர் நட்ட கல்

ஒட்டுசுட்டானை அடுத்த கற்சிலைமடுக் கல்லை நட்டவர்கள் வன்னி மன்னன் பண்டாரவன்னியனின் பக்கத்தவர்கள் அல்லர். 1803 ஒக்டோபர் 31இல் ஆங்கிலேயப் படையின் கப்டன் வொன் டிறிபேர்க் அவனை இவ்விடத்தில் தோற்கடித்தார் என்பதே அதன் வாசகம். அதே ஆண்டு ஓகஸ்டில் முல்லைத்தீவுக் கோட்டையை அவன் பிடித்த கதை அதில் இல்லை. ஆனாலும் சனம் அங்கு மாலையோடு போவது தோற்றவனுக்காகத்தான். டிறிபேர்க்கை யார் தேடுகிறார்கள்?

புதுக்குடியிருப்பிலும், உள்நாட்டுப் போர் முடிந்த 2009இலேயே, வென்ற அரசின் வெற்றிச் சின்னம் எழுந்துவிட்டது. ஒரு கையில் துப்பாக்கி, மறு கையில் தேசியக் கொடியுடன் ஒரு சிப்பாய். துப்பாக்கி முனையில் ஒரு புறா. சமாதானமாம்! அந்தப் போரின் இறுதியில் மாண்ட பொதுமக்களுக்கு முள்ளிவாய்க்காலில் மக்களே வைத்த நினைவுச்சின்னம் 2021 மே மாதம் இரவோடிரவாக உடைக்கப்பட்டது. புதிதாக நடக் கொண்டுவந்த கல்லும் காணாமற்போனது.

வெற்றிச் சின்னத்தை இடிக்கும்படி நாம் கேட்கவில்லை. முள்ளிவாய்க்காலில் இறந்தோரின் பெயர் பொறித்த கல்லை உறவுகள் நடுவதற்கு அரசு எழுத்துமூலம் அனுமதி தரவேண்டும். நினைவுநாள் நெருங்கியதும் தடையுத்தரவு கேட்டு நீதிமன்றப் படியேறும் வழக்கத்தைப் பொலிஸார் கைவிடவேண்டும்.