காசில்லாப் படம்

இலவசம் என்ற சொல்லின் மீது நம்மவர்களுக்குள்ள பிரியம் உலகறிந்தது. அதிலும் ஆகாய மார்க்கமாகத் தானே வந்து வீட்டுக்குள் இறங்கும் இலவசம் என்றால் கேட்க வேண்டியதில்லை. நரிக்குடிச் சம்சாரி ஒருவர் சென்ற மாதம், தபாலில் தருவித்த சிறு பொட்டலம் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு நம்மிடம் வந்தார். "வாத்தியாரையா, இதை டி.வி.யில் மாட்டினால் மாசச் சந்தா இல்லாமலே படம் தெரியுமென்று அமெரிக்காவிலிருக்கிற மருமகன் சொன்னார். மூன்று நாளாக மாட்டிப் பார்க்கிறேன்; வெள்ளைப் புள்ளிகள்தான் கொதிக்கின்றன" என்றார்.

பொட்டலத்தில் இருந்தது வீட்டினுள் வைக்கும் ஆன்டெனா. முயலின் காதுகளைப் போல நீட்டிச் சுருக்கக்கூடிய இரண்டு கம்பிகள். மருமகன் சொன்னதில் பொய் ஏதும் இல்லை. அமெரிக்காவில் 2009-ஆம் வருஷம் ஜூன் 12-ஆம் தேதி பெரிய நிலையங்கள் யாவும் டிஜிட்டல் முறைக்கு மாறின. அங்கே பட்டணவாசி ஒருவர் ஜன்னலோரத்தில் இப்படி ஒரு ஆன்டெனாவை வைத்தால், நயா பைசாச் செலவில்லாமல் பல சானல்களைத் துல்லியமாகப் பார்க்கலாம். கலிபோர்னியாவில் உண்மையாயிருப்பது திருச்சுழித் தாலுகாவிலும் உண்மையாயிருக்க வேண்டுமென்று மாமனார் நினைத்ததில்தான் சங்கடம் விளைந்தது.

ஆன்டெனா என்பது படத்தை உண்டாக்கும் யந்திரமன்று. வருகிற அலையைப் பிடிக்கும் கம்பி, அவ்வளவே. கண்மாயில் தண்ணீர் இருந்தால்தானே வலை வீசலாம்? பழைய டெலிவிஷன் அலைகளில் ஒரு வகை, சுமார் ஒன்றேகால் மீட்டர் முதல் ஒன்றேமுக்கால் மீட்டர் வரையில் நீளமுள்ளவை. அவற்றைப் பிடிக்கும் கம்பி அதில் பாதி நீளம் இருக்க வேண்டும். இவ்வலைகள் ஏறக்குறைய நேர்கோட்டில் செல்பவை, பூமியோ உருண்டை. கரைமேல் நிற்பவனுக்குத் தரையில் நிற்பவனைவிட அதிக தூரம் தெரிவது போல், அனுப்பும் கோபுரம் எவ்வளவு உயரமோ அவ்வளவு தொலைவுக்கு அலை எட்டும். செங்கற்சுவரையும் கான்கிரீட் கூரையையும் கடந்து வரும்போது அலையின் வலிமை மேலும் குறையும். ஆகவே நிலையத்துக்கு அருகே குடியிருப்பவர்களுக்குத்தான் வீட்டினுள் வைக்கும் ஆன்டெனா. தூரத்திலுள்ளவர்கள் கூரை மேல் கம்பம் நட்டாக வேண்டும்.

நம் சீமைக்காரர்கள் கம்பம் நட்ட கதை சுவாரஸ்யமானது. 1975 ஆகஸ்டு 15-இல் சென்னையில் டெலிவிஷன் நிலையம் தொடங்கிற்று. ஆனால் அந்த அலை நானூறு கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள பழைய இராமநாதபுரம் ஜில்லாவுக்கு எப்படி வரும்? வரவில்லை. வந்தது இலங்கையிலிருந்து! அங்கே 1982 பிப்ரவரி 15-ஆம் தேதி, ஜப்பானியரின் உதவியால் ரூபவாஹினி நிலையம் ஆரம்பமாயிற்று. இலங்கையிலேயே மிக உயரமான பீதுருதாலகால மலையுச்சியில், 2,524 மீட்டர் உயரத்தில், அதன் ஒளிபரப்புக் கருவியை நிறுவினார்கள். அவ்வளவுதான், தென் ஜில்லாக்களில் பெட்டி வாங்க வசதியுள்ளவர்கள் உயரமான இரும்புக் குழாய்களை நட்டு, அலுமினியக் குச்சிகள் வரிசை வரிசையாகப் பொருத்திய ஆன்டெனாவைத் தென்கிழக்கே திருப்பி வைத்தார்கள். அந்தக் குச்சி வரிசையைக் கண்டுபிடித்தவர்களும் ஜப்பானியர்களே. 1926-இல் டோஹோகு சர்வகலாசாலையில் உதா, யாகி என்ற இருவர் செய்த வேலை அது.

கணக்குப் பார்த்தால் இது நடந்திருக்கக் கூடாத காரியம். அவ்வளவு உயர்ந்த மலையிலிருந்தும் அலை சுமார் 200 கிலோமீட்டர்தான் நேராக எட்டும். நரிக்குடிக்கோ கிட்டத்தட்ட 400 கிலோமீட்டர். இடையிலிருந்த மன்னார் வளைகுடாதான் கைகொடுத்தது. கடற்பரப்பின் மேல் ஈரக் காற்று ஓர் அடுக்காகவும், அதற்கு மேல் உலர்ந்த வெப்பக் காற்று இன்னோர் அடுக்காகவும் படிந்திருக்கும் நாட்களில், இரண்டுக்கும் இடையே அகப்பட்ட அலை வாய்க்காலில் ஓடும் நீரைப் போலப் பூமியின் வளைவோடு வளைந்து வெகுதூரம் செல்லும். காற்று கலைந்தால் வாய்க்காலும் கலைந்துவிடும். அதனால்தான் ஒரு நாள் படம் பளிங்கு போல் தெரியும். மறுநாள் ஒருவருக்கு இரண்டு மூக்கு. கூரை மேல் ஒருவர் ஏறிக் குழாயைத் திருக, கூடத்திலிருந்து ஒருவர், "போதும்! ஐயையோ, போய்விட்டது!" என்று கூவ, அந்த அமர்க்களமெல்லாம் பௌதிக சாஸ்திரத்தின் திருவிளையாடலே. சிங்களச் செய்தியை ஓர் எழுத்தும் புரியாமல், சந்தா இல்லை என்ற ஒரே சந்தோஷத்தில், தெருவே கூடியிருந்து பார்த்த காலம் அது.

பிற்பாடு 1984-ஆம் வருஷத்தில் நாளுக்கு ஒன்று என்று சொல்லும் வேகத்தில் தூர்தர்ஷன் நிலையங்கள் நாடெங்கும் முளைத்தன. நம் பக்கத்துக்குக் கொடைக்கானல் மலைமேல் அமைந்த நிலையமே உற்ற துணையாயிற்று. நரிக்குடியிலிருந்து நேர்கோட்டில் நூற்றுப் பத்துக் கிலோமீட்டர் சுமார். மலையின் உயரத்துக்கு அது எட்டும் தூரமே. தென்கிழக்கே பார்த்த ஆன்டெனாக்கள் வடமேற்கே முகம் திருப்பின. இராமேசுவரத்தில் 323 மீட்டர் உயரத்துக்குக் கோபுரம் எழுப்பினார்களே என்றால், இந்தியாவின் டெலிவிஷன் கோபுரங்களில் அதுவே பெரிதாயினும், அதன் அலை இயல்பாக எட்டும் எல்லைக்கு நாம் வெளியே இருக்கிறோம்.

இந்த ஏற்பாட்டுக்குத்தான் முடிவு வந்துவிட்டது. பழைய அனலாக் முறை காலாவதியாகிவிட்டது, மின்சாரச் செலவு வீண், அலைவரிசை வேறு காரியங்களுக்கு வேண்டும் என்று காரணங்கள் கூறி, முக்கியமான இடங்களிலுள்ள சுமார் 50 நிலையங்கள் நீங்கலாக மற்றவற்றை 2022 மார்ச் 31-க்குள் மூடிவிடத் தூர்தர்ஷன் தீர்மானித்தது. காரணங்கள் பொய்யல்ல. ஆயினும் அதற்கு ஈடான டிஜிட்டல் தரைவழி ஒளிபரப்பு 2016-இல் சென்னை முதலிய 16 நகரங்களில் தொடங்கிற்றே தவிர, கருவேலங்காட்டுக்கு வந்து சேரவில்லை. பட்டணத்துக்கு மாற்று, பட்டிக்காட்டுக்கு ஏமாற்று என்று சொல்லலாமா? சொல்லலாம் என்றே நமக்குத் தோன்றுகிறது.

இங்கே ஒரு வேடிக்கையும் உண்டு. 2006 முதல் 2011 வரையில் மாநில சர்க்கார் ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்கு வர்ணப் பெட்டியை இலவசமாகவே கொடுத்தது. நம் சம்சாரி வீட்டில் வெள்ளைப் புள்ளி கொதித்ததும் அதே பெட்டியில்தான். பெட்டி இலவசம், படத்துக்கு மட்டும் மாசா மாசம் காசு. 2011 செப்டம்பரில் அரசு கேபிள் மாதம் 70 ரூபாய்க்கு இணைப்புத் தந்தபோது ஜனங்கள் மூச்சு விட்டார்கள் என்பதை மறுக்கவில்லை. ஆனால் 2020-இல் கொரோனாவினால் பள்ளிக்கூடங்கள் மூடிக் கிடந்த சமயம், கல்வித் தொலைக்காட்சியின் பாடங்கள் கேபிள் வழியே வந்து கொண்டிருக்க, சந்தா பாக்கிக்காக இணைப்பு அறுபட்ட வீட்டுப் பிள்ளைகள் அடுத்த வீட்டு ஜன்னலுக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்ததை நாம் கண்ணால் கண்டோம். காசில்லாத அலை ஒன்று ஊருக்குள் இருக்க வேண்டியதன் அவசியம் அன்றுதான் முழுமையாக விளங்கிற்று.

அப்படியானால் சந்தா இல்லாத வழியே கிடையாதா? ஒன்று உண்டு. 2004 டிசம்பரில் தூர்தர்ஷன் தொடங்கிய வானவழி ஒளிபரப்பு, இப்போது டி.டி. ஃப்ரீ டிஷ் என்று பெயர். தட்டும் பெட்டியும் வாங்க ஒரு முறை செலவு. பிறகு மாதச் சந்தா கிடையாது. சர்க்கார் கொடுத்த பழைய பெட்டியிலும் மாட்டலாம். நமக்கு மேலே சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில், கிழக்குத் தீர்க்கரேகை 93.5 பாகையில் நிற்கும் உபகிரகத்திலிருந்து அலை வருகிறது. நரிக்குடியிலிருந்து பார்த்தால் அது தென்கிழக்குத் திக்கில், தரையிலிருந்து எழுபது பாகைக்குக் கொஞ்சம் குறைவாக, ஏறக்குறைய உச்சந்தலைக்கருகே இருக்கும். ஆகவே தட்டு வானத்தை நோக்கி மல்லாந்தாற்போல் இருந்தால் பயப்பட வேண்டாம். மேலே மரக்கிளையும் கூரையும் மறைக்காமலிருந்தால் போதும். வீட்டுக்குள் மட்டும் இது உதவாது. பலத்த மழையில் படம் மறையும் என்று குறை சொல்வார்கள். நம் சீமையில் மழை பெய்தால் படத்தை யார் பார்க்கப் போகிறார்கள்? எல்லோரும் வாசலில் நின்று மழையை அல்லவா பார்ப்பார்கள்!

குறை வேறிடத்தில் இருக்கிறது. அந்தத் தட்டில் வந்து விழுவதில் பெரும்பகுதி ஹிந்தி. தனியார் சானல்களுக்கு இடத்தை ஏலத்தில் விடுகிறார்கள். ஏலத்தொகையை விளம்பரத்தில் மீட்டுவிடலாம் என்று கணக்குப் போடுகிறவர்கள் வாங்குகிறார்கள். தமிழ்ச் சானல்களோ சந்தாவை விட்டு வர மனமில்லாமல் ஒதுங்கியிருக்கின்றன. 2024 ஜனவரியில் பொதிகை என்ற பெயர் மாறி டி.டி. தமிழ் ஆன சானல் கிடைக்கும். அதற்கு மேல் தமிழ் என்றால் விரல்விட்டு எண்ண வேண்டும். ஒவ்வொரு பாஷைக்கும் ஏலமில்லாமல் சில இடங்களை ஒதுக்கி வைத்தால் குடி முழுகிப் போகாது. மாநில சர்க்காரும் தன் பாடங்களைச் சந்தாவில்லாத வழியில் அனுப்ப ஏற்பாடு செய்து கொள்ளலாம்.

சம்சாரிக்கு இவ்வளவையும் சொன்ன பின், "அப்போ இந்தக் கம்பிக்கு என்ன வழி?" என்றார். அதற்கும் வேலை இருக்கிறது. கொடைக்கானலிலிருந்து வானொலிப் பண்பலை 100.5 மெகாஹெர்ட்சில் வருகிறது. அந்த அலையின் நீளம் மூன்று மீட்டர், பாதி ஒன்றரை. ஆகவே இரண்டு கம்பிகளையும் படுக்கை வசமாக விரித்து, முக்கால் மீட்டர் அளவுக்கு எட்டுகிற மட்டும் நீட்டி, அகலவாட்டம் வடமேற்கைப் பார்க்கும்படி ஜன்னலோரம் வைத்து, ஆன்டெனா செருகுமிடம் உள்ள ரேடியோவில் ஒயரைக் கொடுக்க வேண்டும். கம்பி குட்டையாயிருந்தால் நுனியில் செம்புக் கம்பியை முறுக்கிக் கொள்ளலாம்.