கண்ணாடி காட்டிக் கொடுக்கும்!

வீட்டில் இருந்தபடியே நாலு காசு சம்பாதிக்கும் சகோதரிகளை இன்று ஊருக்கு ஊர் பார்க்கலாம். ஒருவர் ஆவக்காய் போட்டுக் கண்ணாடி பாட்டிலில் அடைத்து விற்கிறார். இன்னொருவர் வளைகாப்புக்குக் கண்ணாடி வளையல் செட் சேர்த்துக் கொடுக்கிறார். தஞ்சாவூர்ப் பாணியில் ஓவியம் தீட்டிக் கண்ணாடிச் சட்டம் போட்டு அனுப்புகிறவர்களும் உண்டு. இவர்கள் யாருக்கும் கடை கிடையாது. கையில் இருக்கும் செல்போனில் ஒரு படம் எடுத்து நாலு பேருக்கு அனுப்புவதுதான் வியாபாரம்.

வாங்குகிறவருக்கு முகர்ந்து பார்க்க வழியில்லை, கையில் எடுத்துப் பார்க்கவும் வழியில்லை. படத்தை நம்பித்தான் பணம் அனுப்ப வேண்டும். படம் மங்கலாக இருந்தால் அடுத்த ஆளிடம் போய்விடுவார். நிறம் மாறித் தெரிந்தாலோ, சாமான் திரும்பி வரும். போக வர தபால் செலவு உங்கள் தலையில். சிறுகச் சிறுகச் சேர்த்த முதல் அப்படித்தான் கரைகிறது.

துணியையும் பட்சணத்தையும் அழகாகப் படம் எடுக்கிறவர்கள்கூடக் கண்ணாடி என்றால் திணறுகிறார்கள். எலுமிச்சை ஊறுகாய் பாட்டிலைப் படம் எடுத்தால் அதில் டியூப் லைட் தெரிகிறது, ஜன்னல் கம்பி தெரிகிறது, போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கும் நாமும் தெரிகிறோம். "அக்கா, ஊறுகாயைவிட உங்க நைட்டிதான் நல்லாத் தெரியுது!" என்று யாராவது சிரித்தால் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது?

உடனே போன் மீது பழி போட வேண்டாம். விலை கூடிய போனிலும் இதே கதைதான். கண்ணாடியின் சுபாவம் அப்படி.

ஏன் இப்படி?

மண் சட்டியின் மேல் விழும் வெளிச்சம் நாலா பக்கமும் சிதறிப் போகும். அதனால் எங்கிருந்து பார்த்தாலும் சட்டி ஒரே மாதிரி தெரியும். கண்ணாடியின் வழவழப்பில் விழும் வெளிச்சம் அப்படிச் சிதறாது. கேரம் பலகையின் ஓரத்தில் பட்ட காய், எந்தச் சாய்வில் வந்ததோ அதே சாய்வில் மறுபக்கம் திரும்பும் இல்லையா, அது மாதிரி திரும்பும்.

நேராக விழும் வெளிச்சத்தில் நூற்றுக்குச் சுமார் 4 பங்கு கண்ணாடியின் முன்பக்கத்திலேயே திரும்பிவிடுகிறது. ஊடுருவிப் போனதில் பின்பக்கத்தில் இன்னும் ஏறக்குறைய 4 பங்கு திரும்பும். "நூற்றுக்கு எட்டுதானே, இதென்ன பெரிய விஷயம்?" என்பீர்கள். அந்த எட்டு, எரிகிற டியூப் லைட்டிலிருந்தோ வெயில் அடிக்கும் ஜன்னலிலிருந்தோ வந்தால், பாட்டிலுக்குள் இருக்கும் பண்டத்தின் நிறத்தையே அடித்துவிடும். சாய்வு கூடக் கூடத் திரும்பும் பங்கும் கூடும். போதாக்குறைக்கு, வளைந்த பாட்டில் அறை முழுவதையும் சுருக்கித் தன் மேல் காட்டும்.

ஆகையால், பாட்டிலைத் திருப்பித் திருப்பி வைத்துப் பார்ப்பதில் பயனில்லை. பாட்டிலுக்கு எதிரே என்னென்ன இருக்கிறதோ அதைச் சரி செய்ய வேண்டும். விஷயமே இவ்வளவுதான்.

வீட்டில் இருப்பதே போதும்

ஒரு வெள்ளை வேட்டி, ஒரு கறுப்புத் துணி, கறுப்புச் சார்ட் அட்டை ஒன்று, வெள்ளைத் தெர்மோகோல் அட்டை ஒன்று, துணி கிளிப் நாலைந்து. வேறு ஒன்றும் வேண்டாம்.

முதலில் பாட்டிலைச் சுத்தம் செய்யுங்கள். கண்ணுக்குத் தெரியாத கைரேகை படத்தில் பளிச்சென்று தெரியும். தண்ணீரில் கொஞ்சம் வினிகர் கலந்து துடைத்து, உலர்ந்த பருத்தித் துணியால் மெருகேற்றுங்கள். அதன் பிறகு வெறும் கையால் தொடாமல் துணியால் பிடித்து நகர்த்துங்கள்.

காலை வேளையில், நேர் வெயில் விழாத ஜன்னல் ஓரமாக ஒரு ஸ்டூலைப் போடுங்கள். ஜன்னலில் வேட்டியை ஒற்றையாகத் தொங்கவிட்டால் கம்பிகள் மறைந்து, வெளிச்சம் பால் போலப் பரவி வரும். ஜன்னல் பாட்டிலுக்குப் பக்கவாட்டில் இருக்கட்டும். மறுபக்கம் தெர்மோகோல் அட்டையை நிறுத்துங்கள்; இருட்டாக இருக்கும் பக்கமும் தெளியும்.

அறையில் எல்லா விளக்கையும் அணைத்துவிடுங்கள். பகல் வெளிச்சத்தோடு விளக்கொளியும் கலந்தால் நிறம் தாறுமாறாகும். போனில் ஃபிளாஷ் கூடவே கூடாது. அது லென்சுக்குப் பக்கத்திலேயே இருப்பதால், போன வேகத்தில் திரும்பி வந்து வெள்ளைத் திட்டாக விழும்.

இனி நம்மை மறைத்துக்கொள்ள வேண்டும். கறுப்பு அட்டையின் நடுவில், வடைக்குப் போடுவது போல, லென்ஸ் அளவுக்கு ஓர் ஓட்டை போட்டு, அதன் வழியே படம் எடுங்கள். முதுகுக்குப் பின்னால் கறுப்புத் துணியைத் தொங்கவிடுங்கள். பாட்டிலை ஒட்டி நிற்காமல் நாலைந்து அடி தள்ளி நின்று, போனில் இரண்டு மடங்கு பெரிதாக்கிக்கொள்ளுங்கள். பாட்டிலில் உங்கள் உருவமும் சிறுத்துவிடும், பாட்டிலும் கோணாமல் நேராகத் தெரியும்.

ஒன்று கவனியுங்கள். மினுமினுப்பை முழுக்கத் துடைத்துவிட வேண்டாம். அது அடியோடு போனால் கண்ணாடி பாட்டில் பிளாஸ்டிக் டப்பா மாதிரி ஆகிவிடும். பாட்டிலின் ஒரு பக்கமாக, கழுத்திலிருந்து அடிவரை நீளமாக ஒரே ஒரு ஒளிக்கோடு ஓடினால் அதுவே அழகு. வேட்டி போட்ட ஜன்னல் அந்தக் கோட்டைத் தானாகவே கொடுக்கும்.

ஒவ்வொன்றுக்கும் ஒரு வழி

தேன், நன்னாரி சர்பத் போன்றவை: இவற்றுக்கு வெளிச்சம் பின்னாலிருந்து வர வேண்டும். பாட்டிலைவிடச் சற்றுச் சின்னதாக வெள்ளை அட்டையோ வெள்ளித் தாளோ வெட்டி, பாட்டிலுக்குப் பின்னால் மறைவாகச் சாய்த்து வையுங்கள். இருண்டு கிடந்த தேன் பொன்னாக ஜொலிக்கும்.

வெறும் கண்ணாடிக் கிண்ணம், டம்ளர்: நிறமே இல்லாததால் இதன் ஓரம் பின்புறத்தோடு கரைந்துவிடும். வேட்டி போட்ட ஜன்னலுக்கு முன்னால் வைத்து, படத்தில் விழாத அளவுக்கு இரண்டு பக்கமும் கறுப்புச் சார்ட் பட்டைகளை நிறுத்துங்கள். மை தீட்டின கண் மாதிரி டம்ளருக்குக் கறுப்பு விளிம்பு கிடைக்கும். இதற்கு நேர்மாறாக, நேர் பின்னால் மட்டும் கறுப்பு அட்டை வைத்து, அதைச் சுற்றி வெளிச்சம் வரவிட்டால், இருட்டில் விளிம்பு மட்டும் வெள்ளிக் கம்பியாக மின்னும். பெரிய ஸ்டூடியோக்களில் செய்வதும் இந்த இரண்டு முறைகள்தான்.

கண்ணாடி வளையல்: சுருட்டிய வெள்ளைத் தாளில் கோத்துப் படுக்க வைத்து, மேலேயும் பக்கத்திலும் வேட்டியைக் கூடாரம் போலப் பிடியுங்கள். புள்ளிப் புள்ளியாகக் கண்ணைக் கூசும் ஒளி அடங்கி, ஒவ்வொரு வளையலிலும் மெல்லிய கோடு ஒன்று ஓடும். பச்சை, சிவப்பின் நிறம் வெளுத்துப் போனால், போன் திரையில் வளையல் மேல் விரலை அழுத்திப் பிடித்து, பிறகு கீழே இழுங்கள். பெரும்பாலான போன்களில் வெளிச்சம் அப்படிக் குறையும். எடுத்த படத்தைப் பகல் வெளிச்சத்தில் வளையலோடு பக்கத்தில் வைத்து ஒப்பிட்ட பிறகே அனுப்புங்கள்.

சட்டம் போட்ட படம்: சுவரில் தொங்கும்போதே எடுக்காமல், கழற்றி வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி நிறுத்துங்கள். கறுப்பு அட்டையின் ஓட்டை வழியே நேர் எதிரில் நின்று எடுங்கள். தங்க ரேக் ஒட்டின தஞ்சாவூர்ப் படத்துக்கு மட்டும் ஒரு விதிவிலக்கு. ரேக் எதிரே இருப்பதைத்தான் காட்டும். முழுக்கக் கறுப்பை நீட்டினால் தங்கம் மங்கிவிடும். ஒரு பக்கமாக வெள்ளைத் துணி பிடித்துப் பாருங்கள், தகதகவென்று எழும்.

இன்னொரு சுலப உபாயமும் உண்டு. 1815-இல் ஸ்காட்லாந்து விஞ்ஞானி டேவிட் புரூஸ்டர் கண்டெழுதிய விதி அது. கண்ணாடியில் ஒரு குறிப்பிட்ட சாய்வில் பட்டுத் திரும்பும் ஒளியின் அதிர்வு ஒரே திசையில் அமைந்துவிடும். போலராய்டு கூலிங் கிளாஸ் வீட்டில் இருந்தால், அதை லென்சுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு, சற்றே பக்கவாட்டில் நின்று, மெல்லச் சுழற்றுங்கள். ஓரிடத்தில் பளபளப்பு சட்டென்று குறையும். சாதாரணக் கறுப்புக் கண்ணாடிக்கு இந்தக் குணம் கிடையாது.

தாத்தா பாட்டி படம்

வியாபாரம் இல்லாத வீட்டிலும் இது உதவும். பழைய போட்டோக்கள் மழைக்கால ஈரத்தில் சட்டத்தின் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்வதுண்டு. போட்டோவின் மேல் இருக்கும் ஜெலட்டின் பூச்சு ஈரத்தில் இளகிக் கண்ணாடியைப் பிடித்துக்கொள்கிறது. "பிரிச்சுப் பார்த்துடலாமே" என்று இழுத்தால் மாமியாரின் கல்யாண முகம் கண்ணாடியோடு போய்விடும்! பிரிக்காதீர்கள். மேலே சொன்ன முறையில் கண்ணாடி வழியாகவே ஒரு பிரதி எடுத்துவிடுங்கள். துடைக்கும்போது தண்ணீரைக் கண்ணாடி மேல் தெளிக்காமல் துணியில் நனைத்துப் பிழிந்து துடையுங்கள். ஓரம் வழியாக ஈரம் உள்ளே இறங்கினால் படம் பாழாகும்.

கைக்குழந்தை இருக்கும் வீட்டில்

தண்ணீர் நிரம்பிய உருண்டைக் கண்ணாடிப் பாத்திரத்தை வெயிலில் வைத்துவிட்டு வேறு வேலைக்குப் போய்விடாதீர்கள். அது பூதக்கண்ணாடி போல வெயிலைக் குவித்துத் துணியைக் கருக்கிவிடும், நெருப்பும் பிடிக்கலாம். ஸ்டூலின் விளிம்பில் கண்ணாடிச் சாமான் வைக்கும்போது குழந்தை வேறு அறையில் இருப்பதே உத்தமம். படம் பிடிக்கும்போது பாட்டில் வாயில் சிறு சில்லு பெயர்ந்தது தெரிந்தால், அந்த பாட்டிலில் தின்பண்டம் அடைக்கவே வேண்டாம்.

கடைசியாக ஒன்று. போனிலேயே நிறத்தைக் கூட்டிக் காட்ட ஆயிரம் வசதிகள் இருக்கின்றன. அந்த ஆசைக்கு இடம் கொடுக்காதீர்கள். பார்சலைப் பிரித்ததும் "படத்துல பார்த்த மாதிரியே இருக்கே!" என்று ஒரு பெண் சொல்லிவிட்டால், அவள் தன் அக்காவுக்கும் நாத்தனாருக்கும் உங்கள் நம்பரைத் தானே கொடுப்பாள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு காலி பாட்டிலையும் வேட்டியையும் எடுத்துக்கொண்டு அரை மணி நேரம் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து பாருங்கள். முதல் நாலு படம் சரியாக வராவிட்டால் பரவாயில்லை. எங்கிருந்து பளபளப்பு வருகிறது என்று கண் ஒருமுறை பழகிவிட்டால், அப்புறம் எந்தக் கண்ணாடிச் சாமானும் உங்களைத் திணறடிக்காது.